துளை

இரண்டு தகடுகளை ஒன்றாக்கி
நடுவே நீர் நுழையாமல் பார்ப்பது என் வேலை.
இருபத்திரண்டு வருஷம்.
ராவ்மா துறையிலிருந்து போன எந்தக் கப்பலும்
என் தையலில் ஒழுகியதில்லை.
கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்,
வேறெதற்குக் கர்வப்பட?

எல்லாத் தையலையும் எக்ஸ்ரே எடுப்பார்கள்.
உள்ளே காற்றுக் குமிழ் சிக்கியிருந்தால்
படத்தில் கறுப்பாய்த் தெரியும்,
மிளகு சிந்திய மாதிரி.
ஆய்வாளர் பெந்தி சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார்.
வெட்டி எடு. மறுபடி பற்றவை.

எஸ்கோவின் நெஞ்சுப் படத்தையும் பார்த்தேன்,
போன மார்ச்சில், துர்க்கு ஆஸ்பத்திரியில்.
இங்கே கறுப்புதான் நல்லது என்றார் டாக்டர்.
கறுப்பென்றால் காற்று.
வலப்பக்கம் கீழே மட்டும்
பனி மூடிய வயலாய் வெள்ளை.
பென்சில் இருந்தாலும்
எங்கிருந்து எதுவரை வட்டமிடுவது?

செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரக்கிறது என்றான்.
வியாழன் இரவு உதடு நீலம்.
பத்தொன்பது நாள் ஒரு குழாய்
அவனுக்குப் பதிலாக மூச்சு விட்டது.
நாற்பத்தாறு வயது, சிகரெட் தொடாதவன்,
ஞாயிறானால் சறுக்குக் கட்டையில் இருபது கிலோமீட்டர்.

திரும்பி வந்தான். ஆனால்
கருவி அறையில் உட்கார்ந்து
கையுறை எண்ணிக் கொடுக்கிறான் இப்போது.
ஏணியில் ஏழாம் படிக்கு மேல்
அவன் ஏறி நாங்கள் பார்க்கவில்லை.
யாருக்கும் அவன் புத்தி சொன்னதில்லை.
பாதி வாக்கியத்தில் நிற்பான்,
காற்றுக்குக் காத்திருப்பான்,
பிறகு மீதியைச் சொல்வான்.
அந்த இடைவெளியில் நாங்கள்
காலணியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தடுப்பூசித் தாள் எனக்கும் வந்தது, மூன்று வருஷமாக.
காபிக் கோப்பைக்கு அடியில் மடித்து வைத்தேன்,
மேஜையின் ஒரு கால் குட்டை.
நிமோனியா வயதானவர்கள் சமாச்சாரம் என்று எண்ணம்.

"உங்கள் புகையில் இரும்பு இருக்கிறது"
என்றாள் நர்ஸ் ஹில்கா.
"இரும்பு படிந்த தொண்டையில்
அந்தக் கிருமி நன்றாக ஒட்டிக்கொள்ளும்.
நீங்களே பற்றவைத்துக் கொடுக்கிறீர்கள்."
பற்றவைப்பதைப் பற்றி
இவ்வளவு மோசமாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

நவம்பரில், காலை எட்டு மணி இருட்டில்
சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை.
எத்தனை ஆம்பியரில் போடுவீர்கள் என்று
எனக்கு முன்னால் நின்றவன் கேட்டான்,
சிரித்தோம், அவன் ஊசியைப் பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
சூரியனை விடப் பிரகாசமானதை
தினம் எட்டு மணி நேரம் பார்ப்பவன்.

என் முறை.
இடது கைக்கு நிமோனியா, வலது கைக்கு ஃப்ளூ.
வாழ்நாள் முழுக்க ஓட்டை அடைத்தவருக்கு
ஓட்டை போடுகிறாள், இரண்டு.
உள்ளே நீர் ஏறாமலிருக்கத்தானாம்.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.
படம் எடுத்துப் பார்க்க மாட்டார்களா
என்று கேட்டேன். மாட்டார்களாம்.
நூற்றுக்கு நூறும் கிடையாது என்றாள்,
அதை மறைக்காமல் சொன்னது பிடித்தது.

எனக்குப் பின்னால் ஊர்மாஸ்.
எஸ்தோனியாவில் சாரேமா தீவுக்காரன்.
அதே தொட்டி, அதே புகை,
எனக்கு அரை மீட்டர் தள்ளி அவன் தலை.
பட்டியலில் விரலை ஓட்டினாள் ஹில்கா,
மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து.
ஒப்பந்தக் கம்பெனி ஆள், பெயர் இல்லை.
அவன் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான்,
சுருட்டியதை நிதானமாக இறக்கினான்,
பொத்தானைப் போட்டான்.

சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பெந்தியும் கையெழுத்துப் போட்டார், சிவப்புப் பென்சிலிலேயே.
திங்கட்கிழமை பேசுகிறார்கள் என்றார்கள்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

இன்று அடித்தொட்டியில் மல்லாந்து படுத்து
தலைக்கு மேலே தையல்.
இடது தோள் கனக்கிறது,
டார்ச் இரண்டு மடங்கு எடை.
தகட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்மாஸ் இருமுகிறான்.
தூசிதான் என்கிறான்.

டார்ச்சை அணைத்துவிட்டு
இன்னொரு முறை கேட்கிறேன்.